கொழும்பில நண்டு ஓடர் பண்ண முன்னம் தராசைக் கேளுங்கோ

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து கிளினிக், விசா, பாஸ்போட் எண்டு கொழும்புக்குப் போய்வாற எங்கட சனத்துக்காகத்தான் இதை எழுதுறன். கடைப்பேர் போடேல்ல, போட்டா கோடு கச்சேரி எண்டு அலைய வேணும் எண்டு மச்சாள் பயப்பிடுறா.

விசயம் இதுதான். அம்மாக்குக் கண் கிளினிக் இருந்தது, மூத்தவனுக்கும் ஓ/எல் றிசல்ட் நல்லா வந்திட்டுது, "நல்லாச் செய்தா நீ கேக்கிற இடத்தில சாப்பாடு" எண்டு நான் முதலே வாய் குடுத்துப்போட்டன். அவன் கேட்டது டிக்டொக்கில பாத்த ஒரு ஏசியன் ஃபியூஷன் ரெஸ்டோறண்ட். வெள்ளவத்தையில மச்சாள் வீட்டில நிண்டபடியா அங்கயிருந்து பிக்மீ பிடிச்சுப் போனனாங்கள், நான், மனிசி, மகன், அம்மா.

உள்ள போனா டிஜே பாட்டு நெஞ்சுக்குள்ள இடிக்குது, சிவப்பு லைற், கண்ணாடிக்கு அங்கால தாச்சியில நெருப்பு ஒரு முழத்துக்கு எழும்புது, சனம் எண்டா சனம். பொய் சொல்லக்கூடாது, சாப்பாடு திறம். பாவ் எண்டு ஒரு அவிச்ச பணிஸ், பஞ்சு மாதிரி, அதுக்குள்ள எங்கட கத்தரிக்காய் மோஜுவும் பொரிச்ச கோழியும் வைச்சுத் தந்தாங்கள், அம்மாவே ரெண்டு சாப்பிட்டவ. உந்த இருட்டுக்குள்ள மெனுவை வாசிக்கிறதுதான் பெரிய பாடு, ஃபோன் டோச்சைப் போட்டு மகன்தான் வாசிச்சுச் சொன்னவன், எல்லாம் இங்கிலீஷ். சில்லி கிராப் 1,450 எண்டான். நான் நினைச்சன் பரவாயில்லையே, நண்டு தானே மலிவா கிடக்கு எண்டு. அந்த இடத்திலயே எனக்கு யோசனை வந்திருக்க வேணும், நூடில்ஸ் 3,200 விக்கிறவன் நண்டை 1,450க்குத் தருவானா?

வெயிட்டர் பெடியன் நல்ல மரியாதையான பெடியன், சிங்களமும் இங்கிலீஷும் கலந்து "ஃபிரெஷ் சேர், மீடியம் சைஸ், ரெண்டு போடவா" எண்டான், நானும் தலையாட்டினன். உயிர் நண்டைக் கொண்டுவந்து காட்டேல்ல, நிறை சொல்லேல்ல. இடையில ஒரு கிண்ணத்தில கிம்சி எண்டு கொரியாக்காரற்ற கோவா ஊறுகாயும் றால் அப்பளமும் கொண்டுவந்து வைச்சான், நாங்கள் கேக்கேல்ல, சும்மா தாறாங்கள் எண்டு தின்னிட்டம். தண்ணியும் கேக்காமலே ரெண்டு போத்தலை உடைச்சு ஊத்தினான்.

நண்டு வந்திது. அம்மா முல்லைத்தீவுக் கரையில பிறந்து வளந்தவ, தகப்பன்ர வலையில வந்த நண்டைக் கையில தூக்கிப் பாத்தே நிறை சொல்லுற ஆள். ஒரு பெரிய காலை எடுத்துக் கடிச்சு உடைச்சுப் பாத்தா, உள்ளுக்கு ஓட்டோட ஒட்டினமாதிரிக் கொஞ்சம் சதை, மிச்சம் தண்ணி. "தம்பி, பூரணை கழிஞ்சு ரெண்டு நாள், நிலவு நண்டில என்ன கிடக்கும், உது ரெண்டும் சேத்து முக்கால் கிலோ வந்தாப் பெரிய காரியம்" எண்டு சொல்லிக்கொண்டே குழம்பை மட்டும் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டவ.

பில் வந்திது. நண்டு 1.3 கிலோ, 18,850 ரூபா! திரும்ப மெனுவை வாங்கி டோச் அடிச்சுப் பாத்தா அந்த 1,450க்குப் பக்கத்தில எறும்பு மாதிரி எழுத்தில 100 கிராமுக்கு எண்டு கிடக்கு. மகன்ர முகம் செத்துப்போச்சு, அவன்ர பிழை இல்லை, நானும்தான் பாக்கேல்ல. கிம்சிக்கு 950. தண்ணி ஒரு போத்தல் 600 படி 1,200. அது சாதாரண 1 லீற்றர் போத்தல், 2025 ஏப்ரல் 1 இலயிருந்து அதுக்குக் கட்டுப்பாட்டு விலை 100 ரூபா. எல்லாம் கூட்டி 32,100.

அதோட முடியேல்ல. மெனுவின்ர அடியில ரெண்டு பிளஸ் அடையாளம் போட்டிருந்தது, அதுக்கு அர்த்தம் சேர்விஸ் சார்ஜும் வற் வரியும் தனி. சேர்விஸ் 10%, அந்தக் கூட்டுத்தொகைக்கு மேல திரும்ப வற் 18% (2024 ஜனவரிக்கு முன்னம் 15% தான்). ரெண்டையும் வெறுமனக் கூட்டி 28 எண்டு நினைக்காதேங்கோ, 100 ரூபாச் சாப்பாடு 129 ரூபா 80 சதம் ஆகும். எங்களுக்கு 41,665 ரூபா 80 சதம் வந்து நிண்டுது. நான் பொக்கற்றில கொண்டுபோனது 20,000.

மனேஜரைக் கூப்பிட்டன். நண்டின்ர நிறைச் சிட்டையைக் காட்டுங்கோ எண்டன், கிச்சினில நிறுத்தது சேர், சிஸ்டத்தில ஏத்தியாச்சு எண்டான். சரி, கோதும் காலும் இதில கிடக்கு, தராசைக் கொண்டுவாங்கோ எண்டு அம்மா தமிழில சொல்ல அவன் சிரிச்சான். சமைச்சு, சதை திண்டு முடிஞ்ச பிறகு ஒண்டையும் நிரூபிக்கேலாது எண்டு அவனுக்கு நல்லாத் தெரியும், எனக்கும் தெரியும். தண்ணியின்ர கட்டுப்பாட்டு விலையையும், நுகர்வோர் அதிகார சபையின்ர முறைப்பாட்டு இலக்கம் 1977க்கு அடிப்பன் எண்டதையும் சொன்ன பிறகுதான் குரல் இறங்கினது. தண்ணியையும் கிம்சியையும் வெட்டினான், நண்டில ஒரு சதமும் குறைக்கேல்ல. 38,875 ரூபா கட்டினது, மிச்சத்துக்கு மனிசியின்ர கார்ட். அரசாங்கம் 2025இல நாட்டு நெல்லுக்குப் போட்ட 120 ரூபாக் கணக்கில பாத்தா 320 கிலோவுக்கு மேல நெல்லு, ஒரு மணித்தியாலத்தில திண்டு முடிச்சிட்டம்.

அடுத்தநாள் நுகர்வோர் அதிகார சபையின்ர 1977க்கு அடிச்சன், பில் கொப்பியோட எழுதித் தாங்கோ எண்டவை, குடுத்தாச்சு, பாப்பம். அதால பில்லை மட்டும் எறியாதேங்கோ, வற் இலக்கம் அதில இருக்கோ எண்டும் பாருங்கோ, பதிவு இல்லாதவை அந்த வரியை வாங்கேலாது. நண்டு, இறால், பெரிய மீன் எதெண்டாலும் உயிரோடயோ பச்சையாயோ உங்கட கண்ணுக்கு முன்னால நிறுத்து, மொத்த விலையைச் சிட்டையில எழுதினாப் பிறகு தாச்சியில போடச் சொல்லுங்கோ. கேக்காத கிண்ணம் மேசைக்கு வந்தா இதுக்குக் காசோ எண்டு கேளுங்கோ, வெக்கப்படாதேங்கோ, நான் வெக்கப்பட்டுத்தான் உந்த நிலை.

இந்த மாசம் கொழும்புக்குப் போறவை ஆரும் இருந்தா இன்பொக்ஸில வாங்கோ, கடைப்பேரும் பில் படமும் அனுப்பிறன். அம்மாவைக் கண்டா மட்டும் மொத்தத்தைச் சொல்லிப்போடாதேங்கோ, மனேஜரோட சண்டை பிடிச்சு 12,000க்குக் கொண்டுவந்திட்டன் எண்டுதான் அவவுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன், அதுக்கே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறா.