படகில் கழிவுத்தொட்டி வைக்கப் போகிறவர்கள் முதலில் இதைப் படியுங்கள்

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். 1,80,000 ரூபாய் போச்சு. படகின் அடித்தளம் முழுக்க மலநீர். பெயர் வேண்டாம்; படகுக் கழிப்பறை வேலை மட்டுமே செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் பட்டறை.

நம்பியதற்குக் காரணம் உண்டு. அந்த ஆள் தாளை எடுத்து என் கண்முன்னே படம் போட்டுக் காட்டினார். "காத்துக் குழாய்தான் சார் முக்கியம். ஒரு அங்குலத்துக்குக் குறையக் கூடாது, எங்கேயும் தொய்யக் கூடாது. காத்து உள்ளே போகலன்னா அழுகின முட்டை நாத்தம் வரும்" என்றார். ஒவ்வொரு சொல்லும் சரி. தடித்த பாலிஎத்திலீன் தொட்டி, கழிவுக்கென்றே செய்த ஹோஸ் என்றும் சொன்னார். இவ்வளவு விவரம் தெரிந்தவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? முழுப் பணமும் அன்றே கைமாறியது.

பொருத்தியதோ வேறு. பலகைக்குப் பின்னால் காற்றுக் குழாய் என்று சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு டியூப், அதுவும் நடுவில் தொய்ந்து. தொய்வில் கழிவு தேங்கி அடைத்துக்கொண்டது. பம்ப் வைத்துத் தொட்டியை உறிஞ்சியபோது உள்ளே போகக் காற்றில்லை. மெல்லிய தொட்டி உள்வாங்கி, ஒட்டு விட்டு வெடித்தது. ஹோஸைச் சூடான ஈரத்துணியால் துடைத்து மோந்து பார்த்தேன். துணி நாறியது. நாற்றம் ரப்பரையே ஊடுருவி வந்திருக்கிறது.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. "படகுன்னா வாடை வரத்தான் சார் செய்யும்." அடுத்து, "மாட்டின பையன் வேலையை விட்டுப் போயிட்டான்." அடுத்து, "பம்ப் பண்ணவங்களைக் கேளுங்க." கடைசியாக, அடைப்புக்கு வாரண்டி கிடையாதாம். அடைப்பு வந்ததே அவர்கள் போட்ட டியூபால்! அவர் கையால் வரைந்த படத்தையே போட்டோ எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை. ஒரு லட்சத்து எண்பதாயிரம் வாங்கிய ஆள் இப்போது போனையே எடுப்பதில்லை.

விவரமாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. சுருக்கமாக: பலகையை மூடுவதற்கு முன் காற்றுக் குழாயைக் கண்ணால் பாருங்கள். தொட்டியில் நல்ல தண்ணீரை நிரப்பி ஒரு இரவு விட்டு, கசிவு இல்லை என்றால் மட்டும் மீதிப் பணம். ஹோஸின் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளாம்ப். நிரம்பிய தொட்டி லிட்டருக்கு ஒரு கிலோ கனக்கும், கட்டுப்பட்டை உறுதியாக இருக்கட்டும். நாற்றத்துக்குப் பிளீச்சிங் ஊற்றாதீர்கள், நாற்றமில்லாமல் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவும் செத்துவிடும். தொட்டிச் சுவரின் தடிமன், ஹோஸ் வகை இரண்டையும் பில்லில் எழுதி வாங்குங்கள். என் பில்லில் இருப்பது "டேங்க் வேலை, 1,80,000" என்ற ஒற்றை வரிதான்.