பைசன் வேட்டை: கைடு வைக்கலாமா, நாமே போகலாமா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், திமிலுள்ள பெரிய காட்டு மாட்டினமான பைசனை வேட்டையாடுவதற்கான அனுமதி ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறைதான். அதுவும் குலுக்கலில் விழ வேண்டும். அனுமதிகளில் பாதி, வருடா வருடம் விண்ணப்பித்துப் புள்ளி சேர்த்தவர்களுக்குப் போகும். மீதிப் பாதி முழுக்க அதிர்ஷ்டம். பல வருடம் காத்திருந்து ஒருநாள் பெயர் வந்துவிட்டால், கைடுக்குப் பல ஆயிரம் டாலர் கொடுப்பதா, நாமே கிளம்பிவிடுவதா என்ற கேள்வி உடனே வந்து நிற்கும். இடத்தைப் பொறுத்துப் பதில் மாறும். பொது நிலத்தில் காட்டு மந்தை திரியும் மூன்று இடங்களை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் யூட்டாவின் ஹென்றி மலை. 1941-இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலிருந்து 18 பைசன்களைக் கொண்டுவந்து ராபர்ஸ் ரூஸ்ட் பாலைப்பகுதியில் விட்டார்கள். அவை அங்கே தங்கவில்லை. டர்ட்டி டெவில் ஆற்றைக் கடந்து மேற்கே நகர்ந்து, 1960-களில் மலையிலேயே நிலைத்துவிட்டன. இன்று சில நூறு தலைகள். வேலி கிடையாது, கால்நடைகளுக்குத் தொற்றும் புரூசெல்லோசிஸ் நோய் கிடையாது. பெரும்பகுதி கூட்டரசு நில மேலாண்மைத் துறையின் நிலம் என்பதால் அனுமதி உள்ள யாரும் போகலாம். அதே நிலத்தில் பண்ணைக்காரர்களின் மாடுகளும் மேய்கின்றன. புல்லைப் பைசன்தான் காலி செய்கிறது என்பது அவர்களின் பழைய புகார். 2015-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து பார்த்ததில், மேய்ச்சலில் பாதிக்கு மேல் மாடுகள், மூன்றில் ஒரு பங்கு முயல்கள், பைசன் அவற்றைவிட மிகக் குறைவு என்று தெரிந்தது. ஆனாலும் மந்தைக்கு ஓர் உச்ச எண்ணிக்கை வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டாமல் காக்கும் முக்கிய வழி இந்த வேட்டைதான். யூட்டா அனுமதி குறைவாகவும் கவனமாகவும் தரப்படுவதன் காரணம் இதில் இருக்கிறது. வெளிமாநிலத்தவருக்குக் கட்டணம் 2,000 டாலருக்கு மேல்.

இந்த மலையில் பைசனைக் கண்டுபிடிப்பது நினைப்பதைவிடக் கஷ்டம். எல்லன் சிகரம் 11,500 அடிக்கு மேல். கீழே பின்யான், ஜூனிப்பர் என்ற குட்டை மரங்களின் புதர்க்காடு. அதற்குள் நுழைந்துவிட்டால் ஒரு டன்னை நெருங்கும் காளைகூடக் கண்ணில் படாது. மனித வாடை பட்டால் மந்தை கிளம்பி மைல் கணக்கில் போய்விடும். இருந்தாலும் கண்டுபிடிப்பதற்காக மட்டும் கைடு வைக்க வேண்டியதில்லை என்பேன். நல்ல பைனாகுலரும் பத்து நாள் விடுப்பும் இருந்தால், கோடையிலேயே ஒருமுறை போய் மண் பாதைகளையும் நீர்நிலைகளையும் பார்த்து வந்தவர் சமாளிக்கலாம்.

கைடின் அருமை தெரிவது சுடும் நேரத்திலும் சுட்ட பிறகும்தான். பெண் பைசனுக்கு மட்டும் அனுமதி என்றால் ஆணா பெண்ணா என்று தப்பில்லாமல் சொல்லத் தெரிய வேண்டும். இரண்டுக்கும் கொம்பு உண்டு. காளையின் கொம்பு அடியில் தடித்திருக்கும், நெற்றி அகலம். பெண்ணின் கொம்பு மெலிந்து உள்பக்கம் வளைந்திருக்கும். இளம் காளையை வைத்துப் பலரும் குழம்புவார்கள். அடுத்தது, குறி. பைசனின் திமில் கண்ணை ஏமாற்றும். உடம்பின் நடு அது என்று நினைத்துச் சுட்டால் குண்டு முதுகெலும்பு முட்களுக்கு நடுவே போய்விடும். இதயம் நெஞ்சின் அடிப்பகுதியில், முன்னங்காலை ஒட்டித் தாழ்வாக இருக்கிறது. ஒன்று விழுந்தால் மற்றவை ஓடாமல் அதைச் சுற்றி நிற்பதும் உண்டு. அப்போது பதறி இரண்டாவது குண்டு போட்டால் அது வேறொரு விலங்கில் பாயும்.

பிறகு கறி. பெரிய காளையில் எலும்பு நீக்கியே 180 கிலோவுக்கு மேல் தேறும். தோல் தடிப்பு, அதன்மேல் குளிர்கால ரோமம். வெளியே பனி விழுந்தாலும் உள்ளே சூடு அடங்காது. தோலைச் சீக்கிரம் உரித்து, தொடையைப் பிரித்துக் காற்றுப்படத் தொங்கவிடாவிட்டால் எலும்பை ஒட்டிய கறி புளித்து நாற ஆரம்பிக்கும். இரண்டு பேர், இரண்டு கத்தி, இருட்டும் நேரம், வண்டி நிற்கும் இடம் மூன்று மைல் தள்ளி என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். குதிரையோடும் ஆட்களோடும் வரும் கைடு வாங்கும் காசு இந்த ஓர் இரவுக்கே தகும். சுட்ட விலங்கின் கறியை வீணாக்குவதைவிடப் பெரிய தவறு இந்த வேட்டையில் இல்லை. உதவிக்கு நாலு நண்பர்கள் வருவார்கள் என்றால் மட்டும் ஹென்றி மலைக்குக் கைடு இல்லாமல் போங்கள்.

அரிசோனாவின் கைபாப் மேட்டுநிலம் வேறு மாதிரி. அங்குள்ள மந்தைக்கு மூலம், 1906-இல் 'பஃபலோ' ஜோன்ஸ் என்பவர் மாட்டோடு கலப்பினம் செய்யக் கொண்டுவந்த பைசன்கள். இப்போது அவை பெரும்பாலும் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவின் வட விளிம்புக்குள்ளேயே இருக்கின்றன. வெளியே வந்தால் சுடுவார்கள் என்று பழகிவிட்டன. எண்ணிக்கையைக் குறைக்க 2021-இல் பூங்கா நிர்வாகமே தன்னார்வலர்களைக் கூப்பிட்டது. 45,000-க்கும் அதிகமானோர் விண்ணப்பித்தனர், 12 பேர் தேர்வாயினர், கடைசியில் விழுந்தது நான்கே பைசன். பூங்காவுக்கு வெளியே தேசிய வனத்தில் மாநில அனுமதியோடு வேட்டையாடுபவர், எல்லையோரத்து நீர்நிலைகளில் காத்துக் கிடக்க வேண்டும். எந்தக் குட்டைக்கு எந்த வாரம் வருகின்றன என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். இங்கே கைடு இல்லாமல் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷனில் நிலைமை நேர்மாறு. 1928-இல் மொன்டானா மாநிலத்திலிருந்து வந்த பைசன்களின் வழி வந்த மந்தை அது. சமதளம், சாலை வசதி, பார்லி வயல்கள். மந்தை வயலுக்கு வந்துவிடும் என்பதால் விவசாயியிடம் முறையாக அனுமதி கேட்பதுதான் முக்கிய வேலை. பழுப்புக் கரடி, டால் என்ற காட்டுச் செம்மறி, மலையாடு ஆகியவற்றுக்கு வெளிமாநிலத்தவரோடு கைடோ, அலாஸ்காவில் வசிக்கும் நெருங்கிய உறவினரோ இருந்தே தீர வேண்டும். பைசனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் வெளிநாட்டில் வசிக்கும் வெளிநாட்டுக் குடிமக்களுக்கு எல்லாப் பெரிய விலங்குக்கும் கைடு கட்டாயம். குளிரைத் தாங்கத் தெரிந்தவர் இங்கே தாராளமாகத் தனியாகப் போகலாம்.

எச்1பி வேலை விசா போன்ற தற்காலிக விசாவில் அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒன்று: செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே கூட்டரசுச் சட்டப்படி குற்றம். நண்பரோடு துணைக்குப் போகும்போதும் இதை மறக்க வேண்டாம்.

தனியார் பண்ணையில் பணம் கட்டிச் சுடுவதை இந்த வரிசையில் நான் சேர்க்கவில்லை. வேலிக்குள் வளர்ந்த விலங்கு அது. கறி வேண்டும் என்றால் சரி, காட்டு வேட்டை வேண்டும் என்றால் அங்கே கிடைக்காது.

கைடு என்று முடிவானால், பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். அந்தப் பொது நிலத்தில் தொழில் செய்ய நில மேலாண்மைத் துறையின் அல்லது வனத்துறையின் அனுமதி இருக்கிறதா? எந்தப் பருவத்தில் எங்கே வேட்டையாடினார்கள் என்று சொல்லக்கூடிய பழைய வாடிக்கையாளர் யார்? கறியை மலையிலிருந்து இறக்குவது யார் பொறுப்பு, எத்தனை ஆள், எத்தனை குதிரை? மூன்றாவதுக்குத் தெளிவான பதில் வராவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.