கோபாலபுரம் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்: எந்தப் பயிற்சி யாருக்கு?

நாங்கள் இருப்பது கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, அக்கா வாழ்க்கைப்பட்டது செக்போஸ்ட் தாண்டி தமிழ்நாட்டில் பொள்ளாச்சிப் பக்கம். பேச்சு ஒரே தமிழ், ரேஷன் கார்டுதான் வேறு வேறு மாநிலம், எந்தத் திட்டத்தில் நுழையலாம் என்பதில் பாதியை அந்தக் கார்டே முடிவு செய்துவிடுகிறது. மீதிக்கு, பயிற்சி முடிந்த மறுநாள் பிள்ளை எங்கே போய் உட்காரப் போகிறது என்று யோசியுங்கள்.

சொந்த ஊரில் கடை போடும் எண்ணம் என்றால் என் ஓட்டு ஆர்செட்டிக்கு, அதாவது கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்துக்கு. கர்நாடகத்தில் உஜிரேயில் 1982ல் தொடங்கிய முறை, இப்போது மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்துகின்றன, தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். அக்கா மகள் ஜாக்கெட் தைக்கத் தெரிந்துதான் அங்கே போனாள். கற்றுக்கொண்டு வந்தது கணக்கு. நூல், கொக்கி, லைனிங், கரண்டு, தன் கூலி என்று ஒரு ஜாக்கெட்டுக்கு ஆகும் செலவை நோட்டில் வரிசையாக எழுதிப் பார்த்த அன்றைக்குத்தான், இத்தனை நாளும் லைனிங்கைத் தன் கைக்காசில் போட்டுத் தைத்துக் கொடுத்திருக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது. கடன்தான் இழுத்தது, ஊர்க் கிளையில் மூன்று முறை நடக்க வைத்தார்கள். பாலக்காட்டில் சேர்ந்தால் பாடம் மலையாளத்தில், நம் பிள்ளைகளுக்குக் கேட்டால் புரியும், எழுதத்தான் திணறுவார்கள்.

மாதச் சம்பளம் வேண்டுமா? 2014ல் வந்த தீன்தயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் திட்டம் இருக்கிறது, 15 முதல் 35 வயது வரை, கேரளத்தில் மாநில அரசின் பெண்கள் குழு அமைப்பான குடும்பஸ்ரீ வழியாக. 100ல் 70 பேருக்காவது வேலை வாங்கித் தர வேண்டும் என்பது விதி. எங்கே, என்ன சம்பளத்துக்கு என்பதில்தான் விஷயமே. சித்தி மகனுக்கு வேலை கிடைத்தது வெளியூரில். அறை வாடகையும் சாப்பாடும் போக வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாமல் நாலாம் மாதம் திரும்பி வந்துவிட்டான். சேருவதற்கு முன்பே போன பேட்ச் பிள்ளைகள் இரண்டு பேரிடமாவது போனில் பேசிவிடுங்கள்.

கையில் ஏற்கெனவே தொழில் இருப்பவர்களுக்குத்தான் எல்லை குறுக்கே வருகிறது. கேரளப் பக்கம் கைவினைஞர்களுக்கான மத்திய அரசுத் திட்டம் பிஎம் விஸ்வகர்மா: 18 தொழில்கள், 18 வயது போதும், பயிற்சி நாளுக்கு 500 ரூபாய், கருவி வாங்க 15,000, அப்புறம் 5 சதவீத வட்டியில் முதலில் 1 லட்சம், அடுத்து 2 லட்சம். தமிழ்நாடு அதை ஏற்காமல் 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது: 25 தொழில்கள், 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம் மானியம், ஆனால் அதிகபட்சம் 50,000தான். அப்பா செய்த தொழிலாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் வயது 35 ஆகியிருக்க வேண்டும். பதினெட்டு வயதுப் பையனைப் படிப்பை விட்டு அப்பாவின் உளிக்குத் திருப்பிவிடக் கூடாது என்பதற்காக வைத்த வயது, அந்தக் காரணம் எனக்கு முழுச் சம்மதம். இருந்தாலும், படிப்பெல்லாம் முடிந்து ஆறு வருடமாக மர வேலை செய்கிற 26 வயதுக்காரன் பொள்ளாச்சியில் இருந்தால் அவனுக்கு இரண்டுமே கிடையாது, எல்லை தாண்டி இங்கே இருக்கிற அவன் மச்சானுக்குக் கிடைக்கும். இந்த ஒன்றை அரசு திரும்ப யோசிக்க வேண்டும். அதுவரை அவன் ஆர்செட்டிக்குப் போகட்டும்.

விஸ்வகர்மாவுக்கு எழுதிப் போடுகிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். சிறு தொழிலுக்கு மத்திய அரசுத் திட்டத்தில் வாங்கிய முத்ரா கடன் பாக்கி இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும்.