ஃபிஷ் ஃபைண்டர் வாங்கிற ஆக்கள் காசு குடுக்க முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ

குருநகர், பாசையூர், மயிலிட்டி, பருத்தித்துறை எண்டு எங்கட பக்கம் பைபர் படகு வச்சுத் தொழில் செய்யிற ஆக்களுக்காகத்தான் இதை எழுதுறன். யாழ்ப்பாண டவுண் பக்கம் ஒரு கடையில மாமா ஃபிஷ் ஃபைண்டர் (தண்ணிக்குள்ள சத்தம் அனுப்பி ஆழத்தையும் மீனையும் திரையில காட்டுற மெஷின்) வாங்கினவர், பூட்டித்தாறதும் அவையே எண்டு சொல்லி ஒரு லட்சத்துக்கு மேல வாங்கிப்போட்டு, கடைசியில மீனும் தெரியேல்லை, ஓட்டம் எடுத்தா கடலின்ர அடியும் தெரியேல்லை, படகின்ர பின்பலகையில ஓட்டை மட்டும் மிச்சம்.

கடையில வச்சே பொய் தொடங்கியிருக்கு. மெஷினைப் போட்டுக் காட்டேக்க திரை முழுக்க பெரிய மீன் சின்ன மீன் எண்டு ஓடினதாம், "பாருங்கோ ஐயா எவ்வளவு மீன்" எண்டு சொன்னவையாம். சத்தத்தை அனுப்பித் திருப்பி வாங்கிற துண்டுதான் ட்ரான்ஸ்டியூசர், அது தண்ணிக்குள்ள இறங்காமல் மீன் எங்கால வரும்? அது சிமுலேட்டர். கம்பனிக்காரர் பழகிறதுக்கும் காட்டுறதுக்கும் எண்டு உள்ளுக்க வச்சிருக்கிற ஓட்டம், அதை வச்சிருக்கிறது பிழையில்லை, அதைக் காட்டி உண்மை மாதிரி விக்கிறதுதான் பிழை. மற்றது அந்த மீன் படங்களையும் நம்பாதேங்கோ, மெஷின் இடையில மிதக்கிற எதையும், பாசி, குமிழி எல்லாத்தையும் சிலநேரம் மீன் படமாத்தான் போடும், மெனுவில அதை நிப்பாட்டிப்போட்டு உள்ளபடி வாற கோட்டைப் பார்க்கப் பழகிறதுதான் நல்லது.

"படகைச் சுத்தி நூறு மீற்றருக்கு மீன் காட்டும்" எண்டது அடுத்த கதை. பெட்டியில போட்டிருக்கிற மீற்றர் கணக்கு ஆழத்துக்குத்தான், சுத்துவட்டத்துக்கு இல்லை. சத்தம் கடல் தண்ணிக்குள்ள ஒரு செக்கனுக்கு கிட்டத்தட்ட 1500 மீற்றர் போகும், ட்ரான்ஸ்டியூசர் கீழ்ப்பக்கமா சத்தத்தை அனுப்பி, பட்டுத் திரும்பி வாற நேரத்தை வச்சுத்தான் ஆழம் கணக்குப் பாக்குது. அந்தச் சத்தம் டோர்ச் வெளிச்சம் மாதிரி கீழ போகப் போக கூம்பா விரியும். 200 கிலோஹேர்ட்ஸ் அலைவரிசையில அந்தக் கூம்பு விரியிற கோணம் 20 பாகை எண்டு வச்சுக்கொண்டா 10 மீற்றர் ஆழத்தில அது பாக்கிற வட்டம் மூண்டரை மீற்றர் அகலம்தான். எங்கட பாக்கு நீரிணைப் பக்கம் கன இடத்தில ஆழமே அவ்வளவுதான், அப்ப எங்க நூறு மீற்றர்? 60 பாகை எண்டாக்கூட 10 மீற்றரில பதினொண்டரை மீற்றர்தான் வரும். திரையில இடப்பக்கம் தெரியிறது படகுக்கு இடப்பக்கம் இருக்கிறதில்லை, அது கொஞ்சம் முந்தித் தாண்டி வந்த இடம், வலது ஓரத்தில இருக்கிறது மட்டும்தான் இப்ப கீழ இருக்கிறது. இதைக்கூட மாமாக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை.

இதைவிட மோசம், பெட்டியில 83 உம் 200 உம் கிலோஹேர்ட்ஸ் எண்டு ரெண்டு அலைவரிசை போட்டிருக்கு. நான் மெனுவில 83 ஐப் போட்டா திரை வெறிச்சுப் போகுது. ட்ரான்ஸ்டியூசர் வயரில ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் துடைச்சுப் பாத்தா 200 மட்டும்தான். பெட்டிக்குள்ள வந்ததை எடுத்துப்போட்டு மலிஞ்ச சாமான் ஒண்டை வச்சுக் குடுத்திருக்கினம். இது தெரியாமல் நடந்தது எண்டு நான் நம்பமாட்டன்.

இனி பூட்டின விதம். பின்பலகை நேர நிக்கிறதில்லை, மேல்பக்கம் பின்னுக்குச் சாஞ்சுதான் இருக்கும், அவுட்போர்ட் கொழுவுற படகு எல்லாம் அப்பிடித்தான். அந்தச் சாய்வுக்கு ஏத்தமாதிரி பிராக்கெட்டைத் திருப்பி ட்ரான்ஸ்டியூசரின்ர அடி நீர்மட்டத்துக்குச் சமாந்தரமா வரச் செய்யவேணும். வந்த பெடியன் பலகையோட அப்பிடியே வச்சு ஸ்குரூ அடிச்சிட்டுப் போட்டான், அதால அது நேர கீழ பாக்காமல் முன்பக்கமாச் சரிஞ்சு பாத்தது. 13 பாகை சரிஞ்சா 10 மீற்றர் ஆழத்தில இரண்டு மீற்றருக்கு மேல விலகிப் போகும். 20 பாகைக் கூம்பில நடுவில இருந்து ஓரத்துக்கு 10 பாகைதான் எண்டால் யோசிச்சுப் பாருங்கோ, படகுக்கு நேர கீழ இருக்கிற இடமே கூம்புக்கு வெளியில போட்டுது! கடலடிப் பாரில (பாறையில) கலவாய் மீன் இருக்கு எண்டு திரை சொல்ல, மாமா நேர கீழ தூண்டில் விட, அங்க ஒண்டும் இல்லை. மீன் வில்லு மாதிரி வளைஞ்சு தெரியவேண்டியது பாதி வில்லாத்தான் வந்தது, அதுவும் சரிவின்ர அடையாளம்தான்.

அதோட அவன் பூட்டின இடம் படகின்ர அடியில ஓடுற வரம்புக்கு நேர பின்னால, புரொப்பெல்லருக்குக் கிட்ட. ஓட்டம் எடுத்தா அந்த இடம் முழுக்க காத்துக் குமிழி. தண்ணியில இருந்து காத்தில பட்ட உடன சத்தம் திரும்பிடும், கீழ போகாது. கடைக்கு அடிச்சுக் கேட்டா "கடல் கலங்கல் தம்பி, அதுதான் தெரியேல்லை" எண்டு சொல்லினம். எனக்கு வந்த கோபம் சொல்ல ஏலாது. இந்த ஆழத்தில கலங்கல் எங்கட கண்ணைத்தான் மறைக்கும், மெஷின் அனுப்புற சத்தத்தை மறிக்கிறது குமிழி. பேந்து இன்னும் காசு தந்தா உள்ளுக்க ஒட்டித்தாறம், ஓட்டையே வேண்டாம் எண்டினம். அடிப்பக்கம் தனி பைபராவே இருந்து, இடையில குமிழி விடாமல் எப்பொக்சியால ஒட்டினா அது சரிவரும்தான். மாமாவின்ர படகில அந்த இடம் ஃபோம் அடைச்சது, ஃபோம் முழுக்க காத்து, சத்தம் எப்பிடிக் கடக்கும்? அடிச்ச ஓட்டைக்கு சீலன்ட்கூட வைக்கேல்லை, உள்ளுக்க இருக்கிற பிளைவுட்டில தண்ணி ஊறத் தொடங்கிட்டுது.

கடைசியில பருத்தித்துறைப் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணைதான் சரிக்கட்டித் தந்தவர். அவர் ஓட்டை போடவே இல்லை, முதல் ஒரு தடியில இறுக்கிக் கட்டி இடத்தை மாத்தி மாத்தி ஓடிப் பாத்தவர். பின்னால நிண்டு பாக்க மணிக்கூட்டுப் பக்கம் சுத்துற புரொப்பெல்லர் எண்டா வலப்பக்கம் இதழ் கீழ இறங்கும், அந்தப் பக்கம் குமிழி குறைவு, அங்க புரொப்பெல்லரில இருந்து ஒரு முழத்துக்குக் குறையாமல் தள்ளி, படகின்ர அடியைவிடக் கொஞ்சம் கீழ வச்சவர். ஓடேக்க பின்னால தண்ணி சீறினா கொஞ்சம் உயர்த்தோணும், அடி விட்டு விட்டுத் தெரிஞ்சா கொஞ்சம் இறக்கோணும் எண்டு சொல்லித்தந்தவர். பேந்து ஈயக்குண்டைக் கயித்தில கட்டி இறக்கி ஆழத்தைப் பாகக் கணக்கில எடுத்து திரையோட ஒப்பிட்டுப் பாத்த பிறகுதான் ஸ்குரூவில கை வச்சவர், பழைய ஓட்டையளையும் அவரே அடைச்சவர். 83 உம் வேலை செய்யிற ட்ரான்ஸ்டியூசருக்கு நாங்கள் திரும்பவும் காசு குடுக்கவேண்டி வந்தது.

ஆர் வாங்கினாலும் பெட்டியில இருக்கிற அலைவரிசையும் வயர் ஸ்டிக்கரும் ஒண்டோ எண்டு கடையிலயே பாருங்கோ, பில்லில மொடல் நம்பர் எழுதச் சொல்லுங்கோ, மிச்சக் காசைக் கடலில ஓடிப் பாத்த பிறகு குடுக்கிறன் எண்டு சொல்லுங்கோ. அதுக்கு ஒத்துக்கொள்ளாத கடையில வாங்காதேங்கோ. நாங்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 எண்ட நம்பருக்கு ஃபோன் அடிச்சு முறைப்பாடு குடுத்திருக்கிறம். உங்கட மெஷினிலயும் இரண்டாவது அலைவரிசை வேலை செய்யேல்லை எண்டால் அந்த ட்ரான்ஸ்டியூசரையும் பில்லையும் எறிஞ்சுபோடாதேங்கோ, ஸ்டிக்கரைப் படம் எடுத்து வச்சுக்கொண்டு நீங்களும் அடியுங்கோ.