89 வெள்ளிக் கைகர் கவுன்டர்: மூன்று மாதம் கையில் வைத்திருந்து எழுதுகிறேன்

கைகர் கவுன்டர் என்பது கதிர்வீச்சை எண்ணிக் காட்டும் கருவி. பொட்டலத்தைப் பிரித்ததும் முதல் வேலையாக வாழைப்பழத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். வாழைப்பழத்திலும் கதிரியக்கம் உண்டு, அதிலுள்ள பொட்டாசியம்தான் காரணம் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்களே, நம் வீட்டுப் பழம் என்ன சொல்கிறது பார்ப்போம் என்று. முள் அசையவில்லை (முள் ஏது, திரையில் எண்தான்). மணிக்கு 0.12 மைக்ரோசீவெர்ட் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). பழத்தை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் அதே 0.12. பையன் பழத்தை உரித்துச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.

இணையத்தில் வாங்கியது, 89 சிங்கப்பூர் வெள்ளி, வந்துசேர 12 நாள். கைத்தொலைபேசியை விடக் கொஞ்சம் தடிமன். உள்ளே ஒரு கண்ணாடிக் குழாய், அதில் வாயு, 400 வோல்ட் அளவில் மின்னழுத்தம். கதிர் ஒன்று உள்ளே புகுந்தால் ஒரு டிக். அவ்வளவுதான் தொழில்நுட்பம். கதிர் வகைகளில் பீட்டா, காமா இரண்டும் இதற்குத் தெரியும், ஆல்ஃபா தெரியாது. கூடவே வந்த விளக்கத்தாளை யார் எழுதினார்களோ, மூன்று முறை படித்தும் எனக்குப் புரியவில்லை.

வாங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இதன் எண் ஓர் இடத்தில் நிற்காது. எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில் நிமிடத்துக்கு 18 டிக் வரும், அடுத்த நிமிடம் 13, அதற்கடுத்து 23. முதல் நாள் இரவு 23 வந்ததும் கொஞ்சம் பதறிப்போனேன். கதிர்கள் வரிசை கட்டி வருவதில்லை, இஷ்டத்துக்கு வரும், 18 எண்ணினால் நாலு முன்னே பின்னே இருக்கும் என்பது கணக்கு. பத்து நிமிடம் வைத்து மொத்தமாக எண்ணி வகுத்தால் சரியான எண்ணுக்குப் பக்கத்தில் வரும். பொறுமை இல்லாதவர்கள் இதை வாங்கினால் வீட்டில் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கும்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்திலுள்ள புலாவ் உபின் தீவுக்குப் போனோம். சாங்கி முனையில் பன்னிரண்டு பேர் சேரும்வரை படகுக்குக் காத்திருந்து, அந்தக் கரையில் சைக்கிள் எடுத்து, பழைய கல்குவாரி ஓரம். அங்கே கருங்கல் மேல் வைத்தால் 0.21, 0.23 என்று போனது. கருங்கல்லில் இயற்கையாகவே கொஞ்சம் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் இருக்கும், அதுதான். யுரேனியம்–238 பாதியாகக் குறைய சுமார் 450 கோடி ஆண்டு ஆகும். அவ்வளவு மெதுவாகச் சிதைவதால்தான் அது தனியாக இருக்கும்போது பெரிய சூரன் இல்லை. அணு உலையில் இன்னும் போடாத புது யுரேனிய எரிபொருள் வில்லையைக் கையுறை போட்டுக் கையில் எடுக்கலாம். விரல் நுனி அளவு வில்லை ஒன்று, ஏறக்குறைய ஒரு டன் நிலக்கரிக்குச் சமம். அதே வில்லை உலைக்குள் சில ஆண்டு வெந்து வெளியே வந்தால் பக்கத்தில் நிற்க முடியாது. சீசியம், ஸ்ட்ரான்ஷியம் போன்ற கடுமையான கதிரியக்கப் பொருள்கள் எல்லாம் உள்ளேதான் பிறக்கின்றன.

இந்தக் கருவி தன் காசுக்கு வேலை செய்தது ஊருக்குப் போனபோதுதான். சென்னை விமானத்தில், சத்தத்தை அணைத்துவிட்டு (இதை மறந்துவிடாதீர்கள், 0.5ஐத் தாண்டினால் கத்தும்), மேலே போனதும் பார்த்தால் 1.4. வீட்டில் இருப்பதைப் போலப் பத்து மடங்குக்கு மேல். விண்வெளியிலிருந்து வருவது அது. பூமத்திய ரேகைப் பக்கம் பூமியின் காந்தப்புலம் கொஞ்சம் தடுப்பதால் நமக்குக் குறைவு, வட துருவத்தை ஒட்டிப் பறக்கிறவர்களுக்கு இன்னும் கூடுதல். மனைவி ஊர் குளச்சல் பக்கம். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பு மணல் மேல் வைத்தேன், 1.1. மோனசைட் மணல், அதில் தோரியம். அத்தை வீட்டுப் பரணில் பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கோடு ஒரு மேண்டில் (விளக்கில் எரியும் வலைத்திரி) பாக்கெட் கிடந்தது. பழைய மேண்டிலிலும் தோரியம் உண்டு. அதன் மேல் வைத்ததும் கருவி பொரிகடலை வறுப்பது போலச் சத்தம் போட ஆரம்பித்தது, நிமிடத்துக்கு 300ஐத் தாண்டியது. கோயில் கொடையில் அந்த விளக்கின் கீழ்தான் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம்.

அத்தை அசரவில்லை. அவர் எங்களோடு இங்கே வந்து தங்கியபோது தேக்கா சந்தையில் நெய்மீன் வாங்கி வந்தேன். “மாப்ளே, ஜப்பான்ல தண்ணிய கடல்ல விட்டாங்களாமே, அந்த மெஷின வச்சு இந்த மீன்ல இருக்கான்னு பாருங்க” என்றார். விபத்துக்குள்ளான ஃபுக்குஷிமா அணுமின் நிலையத்து நீரை 2023 ஆகஸ்டில் கடலில் விட ஆரம்பித்ததைப் பற்றி யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. வைத்துப் பார்த்தேன், 0.12. “இல்லைங்க அத்தை” என்று சொல்லியிருக்கலாம், ஆனால் அது பொய். அந்த நீரில் பேசப்படுவது டிரிட்டியம், கதிரியக்கமுள்ள ஒரு வகை ஹைட்ரஜன். அதன் பீட்டா ரொம்ப பலவீனம், இந்தக் குழாயின் சுவரைத் தாண்டி உள்ளே வரவே வராது. உணவில் இருக்கும் சின்ன அளவு சீசியத்தைக் கண்டுபிடிக்கவும் ஈயக் கவசத்துக்குள் வைத்து மணிக்கணக்கில் அளக்கும் ஆய்வகம் வேண்டும். 89 வெள்ளிக் கருவி அங்கே வாயை மூடிக்கொள்ளும், நாம்தான் அதை ‘ஒன்றுமில்லை’ என்று படித்துக்கொள்வோம். உணவைச் சோதிக்க என்று நினைத்து வாங்குகிறவர்கள் தயவுசெய்து வாங்காதீர்கள்.

ஏன் வாங்கினேன் என்றால், இங்கே சிங்கப்பூரில் அணுமின் பேச்சு வந்ததிலிருந்து ஒரு அரிப்பு. நம் மின்சாரத்தில் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் வருகிறது, வெளியிலிருந்து வாங்குவது. சூரியத் தகடு போடக் கூரை போதாது, காற்றாலைக்குக் காற்றே இல்லை. 2012இல் அன்றைய அணு உலைகள் சிங்கப்பூருக்குத் தோதில்லை என்று ஆய்வு சொன்னது. 2024இல் அமெரிக்காவோடு அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. இப்போது சிறிய உலைகளைப் பற்றிப் படிக்கிறார்கள், கட்டுவதாக முடிவில்லை. என் கணக்கு எளிது: அணு உலை வெடித்த செர்னோபிலில் சுற்றிலும் 30 கிலோமீட்டர் தூரத்தைக் காலி செய்தார்கள், தீவின் மேற்கு முனை துவாஸிலிருந்து கிழக்கு முனை சாங்கி மொத்தமே 50 கிலோமீட்டர். தீவின் நடுவில் காம்பஸ் ஊன்றி 30 போட்டால் பக்கத்து மலேசியாவின் ஜொகூர் பாருவும் உள்ளே. சிறிய உலைக்கு அவ்வளவு தேவையில்லை என்கிறார்கள், இருக்கலாம். ஆனால் அமெரிக்காவில் நூஸ்கேல் நிறுவனத்தின் சிறிய உலைத் திட்டம் செலவு ஏறி 2023இல் கைவிடப்பட்டதே, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எனக்கு எதிர்ப்பு இல்லை, அவசரமும் இல்லை.

2011 பேரிடருக்குப் பின் ஃபுக்குஷிமா மாகாணத்தில் வெளியேற்றத்திலும் அலைச்சலிலும் உடல் கெட்டு இறந்தவர்கள் 2,000க்கும் மேல், பெரும்பாலும் வயதானவர்கள். அது எந்தக் கருவியிலும் டிக் அடிக்காது. அத்தையை வைத்துக்கொண்டு இதைப் படித்த இரவு எனக்கு அதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

சரி, குறைகளுக்கு வருகிறேன். பேட்டரி குறைந்தால் அடிக்கும் சத்தமும் கதிர்வீச்சு எச்சரிக்கைச் சத்தமும் ஒன்றே! விடிகாலை மூன்று மணிக்கு அது கத்த, வீட்டில் எல்லாரும் எழுந்து, என் மனைவி ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்துவிட்டாள். விற்பவருக்கு எழுதினேன், புகைப்படம் அனுப்பச் சொன்னார்கள். சத்தத்தை எப்படிப் புகைப்படம் எடுப்பது? பேட்டரி மூடியும் ஒரு மாதத்தில் தளர்ந்துவிட்டது.

பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கினால் பொழுது நன்றாகப் போகும். பாதுகாப்புக்கு என்றால் வேண்டாம், காற்றிலுள்ள கதிர்வீச்சைத் தேசியச் சுற்றுப்புற அமைப்பு கண்காணிக்கிறது. ஐந்துக்கு மூன்றரை. யாருக்காவது ஒரு வாரம் இரவல் வேண்டுமென்றால் கேளுங்கள், மூடிக்கு ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன், கழற்றாமல் திருப்பிக் கொடுங்கள்.