மஞ்சள் கோடா, இரும்புக் கம்பியா?

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத் தேயிலை ஸ்டோர்களில் (தொழிற்சாலைகளில்) கொழுந்து லொறி பின்னால் எடுக்கும் முற்றத்தில்தான் ஆட்களும் நடக்கிறார்கள். நடைபாதையைக் கோடு போட்டுப் பிரிப்பதா, இரும்புக் கம்பித் தடுப்பு அடிப்பதா என்பது பலருக்கும் உள்ள கேள்வி.

செலவு: கோட்டுக்குப் பெயின்ட்டும் ஒரு நாள் கூலியும் போதும். கம்பிக்கு வெல்டிங், கொங்கிரீட் என்று பல மடங்கு ஆகும்.

எவ்வளவு நாள் உழைக்கும்: மழைச் சேற்றிலும் டயர் உரசலிலும் கோடு சீக்கிரம் அழியும். கம்பி துருப்பிடிக்கும், ஆனால் பெயின்ட் அடித்து வந்தால் வருடக்கணக்கில் நிற்கும்.

பாதுகாப்பு: முக்கியம் இதுதான். பின்னால் எடுக்கும்போது லொறிக்கு நேர் பின்னே நிற்பவர் சாரதியின் கண்ணாடியில் தெரியவே மாட்டார். பனிமூட்டம் இறங்கினால் கோடும் தெரியாது. கம்பி ஆளைத் தடுக்கும். வண்டியையும் தடுக்க வேண்டுமென்றால் கனமான இரும்பை ஆழமாகப் பதிக்க வேண்டும், மெல்லிய குழாய் வளைந்துவிடும்.

வசதி: கோட்டை நினைத்தபடி மாற்றலாம்.

சரி, எது எங்கே? தள்ளுவண்டி மட்டும் ஓடும் தூள் மூட்டை அறைக்குக் கோடு போதும். கொழுந்து இறக்கும் மேடை, போர்க்லிப்ட் (சுமை தூக்கும் வண்டி) திரும்பும் மூலை, இங்கெல்லாம் கம்பிதான். காசு குறைவென்றால், கதவைத் திறந்ததும் வண்டிப் பாதையில் கால் படும் வாசலில் முதலில் கம்பி அடியுங்கள்.