24 அங்குலமா, 27 அங்குலமா?

கிளிநொச்சியில் மொனிற்றர் வாங்கப் போகிறவர்கள் கடைசியில் இந்த இரண்டில்தான் வந்து நிற்கிறார்கள்.

தெளிவு: 24இல் 1920×1080 (திரையில் குறுக்கே 1920, மேலிருந்து கீழே 1080 புள்ளிகள்) போதும், அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 புள்ளி. அதையே 27இல் போட்டால் 82தான். எக்செல் கட்டங்களில் எழுத்தின் விளிம்பு சொரசொரவென்று தெரியும். 27 என்றால் 2560×1440 எடுங்கள், 109 புள்ளி. "பெரிசு, மலிவு" என்று கடைக்காரர் காட்டினால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், 1080ஆக இருக்கும்.

விலை: 24 குறைவு.

கரண்ட்: நின்றுவிட்டால், யூபிஎஸ்ஸில் 24 கொஞ்சம் கூட நேரம் தாங்கும்.

மேசை: 27ஐ ஒரு கை நீளமாவது தள்ளி வைக்க வேண்டும். என்னுடையது பழைய பள்ளிக்கூட மேசை, நடக்காது.

பிள்ளையின் ஸூம் வகுப்பு, கடைக் கணக்கு, கடிதம்: 24. இரண்டு ஆவணங்களைப் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வேலை, இரவில் படம்: 27, 1440உடன். லப்டொப்பில் மொனிற்றரைக் கொழுவ விஜிஏ என்ற பழைய இணைப்பு மட்டும் என்றால் 1440 பெரும்பாலும் சரிவராது, 24ஓடு நில்லுங்கள்.